மலை ஏறி வரும் கழிவு: பியர் பல்ப், பழத்தோல், கிழங்குத்தோல் சேர்த்துக் கறவை மாட்டுக்கு சைலேஜ் போடும் முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் உறைபனி விழுந்த மறுநாள் ஆற்றோரப் புல்லைப் பார்த்தால் யாரோ வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனது போலிருக்கும். நுவரெலியா, கந்தப்பளை, அக்கரப்பத்தனைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அதிலிருந்து மார்ச் வரை கான் (வடிகால்) ஓரமெல்லாம் தேடி ஒரு கட்டுப் புல் சேர்ப்பதற்குள் பிரட்டுக்கு (காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு) நேரமாகிவிடும். பால் இறங்கும். அதை ஈடுகட்டப் புண்ணாக்கை அள்ளிப் போட்டால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

இந்த மூன்று மாதத்துக்காகத்தான் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த தீனி. சோளம் விதைத்து சைலேஜ் போடுங்கள் என்பார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீட்டைக் கட்டி, மாட்டுப்பட்டியும் வைத்த பிறகு சோளத்துக்கு எங்கே இடம்? நமக்குக் கிடைப்பது உணவுத் தொழிற்சாலைகள் தள்ளிவிடும் பொருள்தான்: பியர் ஆலையில் மிஞ்சும் வாற்கோதுமைச் சக்கை (நாம் பியர் பல்ப் என்கிறோம்), ஜாம், கோடியல் தொழிற்சாலையின் அன்னாசித் தோல், சிப்ஸ் பொரிக்கும் இடத்து உருளைக்கிழங்குத் தோல். புல் நிறைய இருக்கும் மழைக் காலத்தில் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஊறப்போட்டு வைத்தால் பனிக் காலத்தில் எடுத்துப் போடலாம்.

ஆனால் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கழிவெல்லாம் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாம் காசு கொடுத்துத் தண்ணீரை லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருகிறோம். விலை பேசுவதிலிருந்து பரலை (பீப்பாயை) மூடுவது வரை எல்லாத் தவறும் இந்தத் தண்ணீரை மறப்பதில்தான் தொடங்குகிறது.

படி 1: எதை எடுப்பது, எதைத் தள்ளுவது

பியர் பல்ப் நல்ல சாமான். அதில் உலர்பொருள் (தண்ணீரெல்லாம் போனபின் மிஞ்சுவது) நூற்றுக்கு 20 முதல் 25, அந்த உலர்பொருளில் கால்வாசி புரதம். ஆனால் ஆலையில் இனிப்பை வடித்து எடுத்துவிடுவதால் புளிக்க வைக்கும் சர்க்கரை அதில் குறைவு. அன்னாசித் தோல் இதற்கு நேர் எதிர்: சர்க்கரை நிறைய, புரதம் சொற்பம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். உருளைக்கிழங்குத் தோலும் கரட் கழிவும் மாச்சத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லவை, ஆனால் தனியே போட்டால் கூழாகிவிடும்.

தள்ள வேண்டியவைதான் நம் ஊரில் அதிகம். லீக்ஸ் கழிவு சும்மா கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். வெங்காயக் குடும்பத்துக்கே உரிய ஒரு பொருள் மாட்டின் சிவப்பணுக்களை உடைக்கும். பாலிலும் வாடை ஏறும், ஊறப்போட்டாலும் போகாது. கோவா (முட்டைக்கோஸ்) இலையைக் கொஞ்சமாகப் பச்சையாகக் கொடுக்கலாம், சைலேஜில் அது தண்ணீர் மூட்டை. பச்சை பிடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் நஞ்சு இருக்கிறது. மருந்தடித்த சில நாளிலேயே தோட்டத்தில் ஒதுக்கிய மரக்கறியும் வேண்டாம். கிழங்குக்கும் கரட்டுக்கும் எவ்வளவு அடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஹோட்டல் எச்சிலில் இறைச்சி கலந்திருக்கும், அது மாட்டுக்கு ஆகவே ஆகாது.

தேயிலைத் தொழிற்சாலைக் கழிவுத் தூளைச் சேர்க்கலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும், கஃபீனும் இருக்கிறது. நான் சேர்ப்பதில்லை.

படி 2: விலை பேசுவது

ஆயிரம் கிலோ பியர் பல்ப் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். உலர்பொருள் 22 சதவீதம் என்றால் மாட்டுக்குப் பயன்படுவது 220 கிலோ. மீதி 780 கிலோ தண்ணீர். தேங்காய்ப் புண்ணாக்கில் உலர்பொருள் 90 சதவீதம். ஆகவே ஒரு கிலோ புண்ணாக்குக்குச் சமமாக நான்கு கிலோ பல்ப் வேண்டும். லொறிக் கூலியும் சேர்த்து, பட்டிக்கு வந்து சேரும்போது ஒரு கிலோ பல்பின் விலை புண்ணாக்கு விலையில் கால் பங்கைத் தாண்டினால் புண்ணாக்கே வாங்கிவிடலாம். நான் இந்தக் கணக்கைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

கூலியைக் குறைக்க ஒரு வழி உண்டு. நம் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் லொறி திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாகவே ஏறும். பியர் ஆலை இருக்கும் பியகமப் பக்கம் பல்ப் எடுத்து விற்கும் ஒப்பந்தக்காரரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, அந்த லொறியில் ஏற்றினால் தனி லொறிக்குக் கொடுப்பதில் பாதி கூட ஆகாது. லொறியின் தட்டைக் கழுவச் சொல்லுங்கள். முந்திய சவாரியில் உரமோ டொலமைட்டோ ஏற்றியிருக்கலாம். கழுவிய பிறகு உங்கள் படங்கையே (தார்ப்பாயை) விரித்து ஏற்றுங்கள். ஒரு வீட்டுக்கு ஆயிரம் கிலோ அதிகம். ஐந்து வீடு சேர்ந்தால் ஆளுக்கு இருநூறு கிலோ, ஒரே நாளில் முடிக்கலாம்.

படி 3: வந்த சாமானைச் சோதிப்பது

நல்ல பல்ப் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், மால்ட் சேர்த்த பால் மா டின்னைத் திறந்தது போல மணக்கும். இளஞ்சிவப்பு, பச்சை, செம்மஞ்சள் என்று எந்த நிறத்தில் பூஞ்சணம் தெரிந்தாலும் அந்தப் பகுதியை எடுக்காதீர்கள். ஆலையிலிருந்து வெளியே வந்த நேரத்தைக் கேளுங்கள். ஒரு நாளுக்குள் பரலில் அடைத்துவிட வேண்டும்.

நான் படித்த பாடம் இதில்தான். ஒரு ஜூலை மாதம் கினிகத்தேனைக்கு அந்தப் பக்கம் மண்சரிவு. லொறி இரண்டு நாள் ரோட்டிலேயே நின்றது. வந்தபோது பல்ப் நடுவில் கை வைக்க முடியாத சூடு, மேலே வெள்ளைப் படலம். கொடுத்த காசை நினைத்து, மேல் படலத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைக் கலந்து நான்கு பரலில் அடைத்தேன். ஆறு வாரம் கழித்து முதல் பரலைத் திறந்தபோது பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அத்தை தூரத்திலிருந்தே, “என்னடா தம்பி, கள்ளுக்கடை மாதிரி மணக்குது?” என்றார். உள்ளே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பும் பச்சையும். நான்கையும் குழி வெட்டிப் புதைத்தேன். பல்பின் காசு மட்டுமா, அதோடு சேர்த்த புல்லும் தவிடும் மொலாசஸும் (சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) போயிற்று.

படி 4: உலர்பொருளை அளப்பது

நல்ல சைலேஜ் கலவையில் உலர்பொருள் நூற்றுக்கு 30 முதல் 35 இருக்க வேண்டும். 25க்குக் கீழே போனால் தண்ணீர் கீழே வடியும், புளிப்பதற்குப் பதில் அழுகும். சமவெளியில் புல்லை அரை நாள் வெயிலில் வாடவிட்டு இதைச் சரிசெய்வார்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் நம்மால் ஒரு துவாயைக்கூடக் காய வைக்க முடியாது. ஆகவே நமக்கு ஒரே வழி, காய்ந்த சாமானைச் சேர்ப்பது: தவிடு, நறுக்கிய வைக்கோல்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் 200 கிராம் ஈரச் சாமானை நிறுத்து, பழைய தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே இருங்கள். கருகக் கூடாது. எடை இறங்குவது நின்றதும் நிறுங்கள். 44 கிராம் நின்றால் உலர்பொருள் 22 சதவீதம். வீட்டில் திட்டு வாங்குவீர்கள், பரவாயில்லை.

கலந்து முடிந்த பிறகு கைச் சோதனை போதும். ஒரு கைப்பிடி எடுத்து முழுப் பலத்தோடு அரை நிமிடம் பிழியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்தபின் உருண்டை மெதுவாக விரிந்து, உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தால் சரி. உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, அமுக்கினாலும் காற்று நிற்கும்.

படி 5: ஒரு பரலுக்கான அளவு

200 லீட்டர் நீலப் பரலில் நன்றாக அமுக்கினால் 140 கிலோ அளவில் பிடிக்கும். நான் போடும் கலவை இது:

பியர் பல்ப் 60 கிலோ
ஆறேழு வாரத்தில் வெட்டிய சீ.ஓ. 3 (தீனிக்கென வளர்க்கும் கலப்பின நேப்பியர்) புல், ஓர் அங்குல நறுக்கு, 60 கிலோ
அரிசித் தவிடு 16 கிலோ
மொலாசஸ் 3 கிலோ, ஒன்றரை லீட்டர் வெந்நீரில் கரைத்தது

கணக்குப் பாருங்கள். பல்பில் 13.2, புல்லில் 12, தவிட்டில் 14.4, மொலாசஸில் 2.25. மொத்தம் ஏறக்குறைய 42 கிலோ உலர்பொருள். 140 கிலோவில் அது 30 சதவீதம். புரதம் உலர்பொருளில் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். தவிட்டை எடுத்துவிட்டால் இதே கலவை 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பதினாறு கிலோ தவிட்டுக்குச் செலவழிக்க மனம் வராமல்தான் பலர் 124 கிலோவையும் இழக்கிறார்கள். தவிட்டில் உமி அதிகம் கலந்திருந்தால் ஈரம் உறிஞ்சும், ஆனால் சத்து குறையும். நாக்கில் வைத்துப் பாருங்கள், உமி தெரியும். சிக்கு வாடை வரும் பழைய தவிடு வேண்டாம்.

அன்னாசித் தோல் கிடைத்தால் மொலாசஸை விட்டுவிட்டு, பல்பில் 20 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் தோலைப் போடுங்கள். தோல் பல்பை விட ஈரமானது, தவிட்டை 18 கிலோவாக்குங்கள். தோல் சேர்த்த பரல் சில சமயம் கள் வாடை அடிக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டது என்று பொருள். அதனால்தான் தோலை 20 கிலோவுக்கு மேல் நான் போடுவதில்லை.

சீ.ஓ. 3 இல்லாத தோட்டங்களில் மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற வைக்கும் குவாத்தமாலா புல் இருக்கும். துரையிடம் (தோட்ட முகாமையாளர்) கேட்டு வெட்டலாம். சத்துக் குறைவுதான், ஆனால் நார் நல்லது. கலவைக்குள் யூரியா வேண்டாம். பல்பிலேயே புரதம் போதும். தயிர் ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும் என்றும் சொல்வார்கள். சரியாக அமுக்காத பரலைத் தயிர் காப்பாற்றாது.

படி 6: அடைப்பது

பரல் உணவுச் சாமான் வந்த பரலாக இருக்கட்டும். மருந்து வந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்காதீர்கள்.

அடியில் நான்கு அங்குலம் நறுக்கிய வைக்கோல். வடியும் சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். வெலிமடைப் பக்கம் வயல் உள்ள சொந்தக்காரர் இருந்தால் அறுவடை நேரத்தில் நான்கு கட்டு சொல்லிவையுங்கள். கலவையைப் படங்கில் கொட்டி, மொலாசஸைத் தெளித்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மண்வெட்டியால் புரட்டுங்கள். ஓர் இடத்தில் பல்ப் கட்டியாகவும் ஓர் இடத்தில் புல்லாகவும் இருக்கக் கூடாது. பிறகு அரை அடி, அரை அடியாகப் பரலில் போட்டு உலக்கையால் இடியுங்கள். நடுவில் எல்லோரும் இடிப்பார்கள், ஓரத்தை மறந்துவிடுவார்கள். பூஞ்சணம் எப்போதும் ஓரத்திலிருந்துதான் வரும். பெருவிரலால் அழுத்தினால் முதல் கணுவுக்கு மேல் இறங்கக் கூடாது, அதுவரை இடியுங்கள்.

வாய் வரை, கொஞ்சம் குவியலாக நிரப்பி, தடித்த பொலித்தீன் இரண்டு மடிப்பு போட்டு, மூடியை வைத்து வளையத்தை இறுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காற்று ஊறி மூடி உப்பினால் வளையத்தைச் சற்றே தளர்த்தி உடனே இறுக்கலாம். அதற்குப் பின் தொடவே தொடாதீர்கள்.

பரல் வாங்க முடியாதவர்கள் தடித்த சைலேஜ் பையை எடுக்கலாம். செலவு குறைவு, ஆனால் எலி. லயத்தில் எலிக்கு மால்ட் வாடை கல்யாண வீட்டு அழைப்பு மாதிரி. ஒரு சின்னத் துளை போதும், ஒரு வாரத்தில் அதைச் சுற்றி அரை அடி வட்டத்துக்கு வெள்ளையாகிவிடும். பையைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து தள்ளி உயரமான தட்டில் வைத்து, தினமும் சுற்றிப் பார்த்து, துளை கண்டால் அன்றே டேப் ஒட்டுங்கள்.

எதில் அடைத்தாலும் வடியும் சாறு கானில் இறங்கிப் பீலித் தண்ணீரில் சேர விடாதீர்கள். கீழ் லயத்தில் அதைத்தான் குடிக்கிறார்கள். வாளியில் பிடித்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து புல் நிலத்துக்கு ஊற்றலாம்.

படி 7: காத்திருப்பது

சூடான ஊர்களில் மூன்று நான்கு வாரத்தில் திறக்கலாம் என்பார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகையைச் சுற்றித்தான். புளிக்க வைக்கும் பக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். நான் ஆறு வாரத்துக்கு முன் திறப்பதில்லை. ஜனவரிக்கு வேண்டுமானால் நவம்பர் நடுப்பகுதிக்குள் அடைத்திருக்க வேண்டும்.

படி 8: திறந்து பார்ப்பது

மூடியைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டாதீர்கள், அடைபட்ட வாயு வெளியேறட்டும். நிறம் ஒலிவ் பச்சைக்கும் பழுப்பு மஞ்சளுக்கும் நடுவில், புல்லின் நறுக்கு கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வாசனை நல்ல தயிர்ப் புளிப்பு. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் இருந்தால் 4.2 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். வாந்தி வாடை, கெட்ட வெண்ணெய் வாடை, கையில் பிசுபிசுப்பு இருந்தால் தவறான பக்டீரியா புகுந்துவிட்டது. கரும்பழுப்பாகி, புகையிலை போல மணந்தால் அடைக்கும்போது காற்று நின்று சூடேறியிருக்கிறது. மேலே இரண்டு அங்குலம் வெள்ளை இருந்தால் அதையும் அதற்குக் கீழே ஒரு சாணையும் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். வெள்ளை நடுவிலும் இருந்தால் முழுப் பரலும் குப்பைதான். பூஞ்சண நஞ்சு மாட்டோடு நிற்காது, பாலுக்கும் வரும். சரியாகப் புளிக்காத சைலேஜில் வளரும் ஒரு கிருமி சினைமாட்டுக்குக் கன்று தள்ள வைக்கும்.

படி 9: கொடுப்பது

420 கிலோ எடையுள்ள கலப்பின மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு மூன்று, அதாவது பன்னிரண்டரைக் கிலோ உலர்பொருள் தின்னும். அதில் 15 கிலோ சைலேஜ் நாலரைக் கிலோவைக் கொடுக்கிறது. 3 கிலோ அடர்தீனி (புண்ணாக்கு, தவிடு போன்றவை) 2.7 கிலோ. மீதி ஐந்து கிலோவுக்கு மேலே புல்லும் வைக்கோலுமாக வர வேண்டும். நீள நார் இல்லாமல் சைலேஜையும் அடர்தீனியையும் மட்டும் போட்டால் அசைபோடுவது நின்று, சாணம் இளகி, பாலில் கொழுப்பு இறங்கும். பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்புக்கும் கொழுப்பற்ற திண்மத்துக்கும்தானே காசு தருகிறார்கள். அந்தச் சீட்டைத் தினமும் எடுத்து வையுங்கள். சைலேஜ் தொடங்கிய பிறகு கொழுப்பு எண் சரிந்தால், மாட்டுக்கு நீளப் புல் போதவில்லை என்று அந்தச் சீட்டே சொல்கிறது.

முதல் நாள் 2 கிலோ. மூன்று நாளைக்கு ஒரு முறை இரண்டு மூன்று கிலோ கூட்டி, இரண்டு வாரத்தில் 15க்கு வாருங்கள். அந்த 15 கிலோவில் உள்ள புரதத்துக்குச் சமமாகத் தேங்காய்ப் புண்ணாக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். ஆனால் புண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அரைக் கிலோ குறைத்து, ஐந்து நாள் பாலைப் பார்த்து, மறுபடி அரைக் கிலோ. எப்போதும் பால் கறந்த பிறகே சைலேஜ் வையுங்கள். கறக்கும்போது தொட்டியில் இருந்தால் வாடை பாலுக்கு வரும். நாலு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம்.

பல்பிலும் தவிட்டிலும் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. தினமும் மினரல் கலவை 50 முதல் 100 கிராம் வரை, பொதியில் சொன்ன அளவுக்குக் கொடுங்கள். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட்டை எடுத்துத் தீனியில் கலக்கும் வேலை வேண்டாம், அது மண்ணுக்கான சாமான். மாடு தீனியை விட்டு, அசைபோடாமல், வயிறு உப்பி நின்றால் சைலேஜை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

திறந்த பரலை எத்தனை நாளில் முடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ என்றால் 140 கிலோ ஐந்து நாளுக்குள் தீரும், கெடாது. ஒரே மாடென்றால் ஒன்பது நாளாகும். நம் குளிரில்கூட ஐந்தாறு நாளுக்கு மேல் மேல்பகுதி சூடேறத் தொடங்கிவிடும். ஒரு மாட்டுக்காரர் 50 கிலோ பையாகக் கட்டுவதே நல்லது. தினமும் மேலிருந்து மட்டமாக அரை அடி எடுத்து, பொலித்தீனைப் படியவைத்து மேலே மணல் மூட்டை வையுங்கள். நடுவில் குழி தோண்டி எடுக்காதீர்கள்.

எத்தனை பரல் வேண்டும் என்று கேட்டால்: இரண்டு மாடு, ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 15 கிலோ, 90 நாள் என்றால் 2700 கிலோ. வீணாவதற்குப் பத்திலொன்று சேர்த்தால் 3000 கிலோவுக்குப் பக்கம், 21 பரல். ஆயிரம் கிலோ பல்பில் 16 பரல் போடலாம். முதல் வருடம் மூன்று பரலில் தொடங்குங்கள். நானும் இரண்டில்தான் தொடங்கினேன், அதில் ஒன்று ஓரத்தில் சரியாக இடிக்காததால் பாழாயிற்று.

தீர்ந்த பரலைச் சும்மா கவிழ்த்து வைக்காமல் அன்றே சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெயில் கிடைக்கும் நாளில் வாயைத் திறந்து காய வையுங்கள். அடியில் ஒட்டின பழைய சைலேஜிலிருந்துதான் அடுத்த முறை பூஞ்சணம் தொடங்கும்.